இரவல் விஷம்

கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு துளி உப்பு நீரை வைத்து, நோயாளியின் மலத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமிகளை அதில் கரைத்து, காலராக் கிருமிக்கென்றே தயாரித்த எதிர்ச்சீரத்தில் ஒரு சொட்டை அதனோடு சேர்த்து, தகட்டை இப்படியும் அப்படியுமாக மெல்லச் சாய்த்தால், சிறிது நேரத்துக்குள் அந்தக் கலங்கல் நீர் திரிந்த பாலைப் போலத் துணுக்குத் துணுக்காகத் திரண்டுவிடும். திரண்டால் காலரா, திரளாவிட்டால் வேறு ஏதோ ஒன்று. ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் நம்பிக் கையாண்டுவந்த சோதனை இது. 1992 அக்டோபரில், சென்னையில் வாந்திபேதி கண்டவர்களிடமிருந்து எடுத்த கிருமிகள் இந்தச் சோதனைக்கு வசப்படவில்லை. கழுநீர் போன்ற பேதி, குழி விழுந்த கண்கள், சுருங்கிப்போன விரல் தோல், ஒடுங்கிய நாடி என்று நோயின் லக்ஷணங்கள் அனைத்தும் காலராவுக்கே உரியவையாக இருக்க, தகட்டில் மட்டும் பால் திரியவில்லை. கிருமியின் மேற்பூச்சில் காணும் வேற்றுமையை வைத்து 1 முதல் 138 வரை எண்ணிட்டு வைத்திருந்த வகைகளில் எதற்குரிய சீரத்துக்கும் அது இணங்காமையால், 139 என்ற புதிய எண்ணை அதற்கு இடவேண்டியதாயிற்று. வங்காள விரிகுடாவின் கரையோடு சில மாதங்களுக்குள் அது கல்கத்தாவுக்கும் வங்கதேசத்துக்கும் பரவியபோது, பழைய காலராவைப் பலமுறை எதிர்கொண்டு உடம்பில் எதிர்ப்பு ஏற்பட்டிருந்த பெரியவர்களும் அதற்கு இரையானார்கள். அவர்களுடைய சரீரம் கற்று வைத்திருந்த பாடம் புதிய எதிரியிடம் பயன்படவில்லை.

இந்தப் புதிய கிருமி எங்கிருந்து வந்தது? பல்லாயிரம் தலைமுறைகளாகச் சிறுகச் சிறுக மாறி உருவான தனி வம்சமா என்றால், அல்ல. 1961 முதல் உலகெங்கும் சுற்றிக்கொண்டிருந்த எல் டோர் என்ற பழைய காலராக் கிருமியேதான் அது. ஆனால் தன் மேற்பூச்சுக்குரிய மரபணுக்களைக் களைந்துவிட்டு, வேறொரு கிருமியிடமிருந்து பெற்ற மரபணுக்களை அந்த இடத்தில் ஏற்று, மேலங்கியை மாற்றிக்கொண்டு வந்திருந்தது. அங்கி மட்டுமா இரவல்? அது கக்கிய விஷம், குடலில் ஊன்றிக்கொள்வதற்கு வைத்திருந்த இழைகள், மருந்துகளுக்கு அடங்காத வன்மை ஆகிய எல்லாமே வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழியாக வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. ஓர் உயிரணுவிலிருந்து இன்னோர் உயிரணுவுக்கு இடம்பெயரும் வல்லமை படைத்த இத்தகைய டி.என்.ஏ. துண்டுகளை நடமாடும் மரபுக்கூறுகள் என்கிறார்கள். மனிதனைக் கொல்லும் கிருமிகள் என்று நாம் அஞ்சுபவற்றுள் பல, இந்த நடமாடிகள் தங்களிடம் வந்து தங்காதிருந்தால் நம்மை ஏறெடுத்தும் பார்த்திரா என்பதே நான் இங்கே சொல்ல விரும்பும் செய்தி.

காலராக் கிருமியின் ஸ்வபாவத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் தங்கி, காற்புள்ளி போல் வளைந்த அக்கிருமியை நோயாளிகளின் குடலில் மட்டுமன்றி, அக்கம்பக்கத்து மக்கள் குளித்தும் குடித்தும் வந்த ஒரு குளத்து நீரிலும் கண்டார். அவருக்கு முப்பது ஆண்டு முன்பே, 1854-இல், இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துப் பசீனி அதைப் பார்த்துப் பதிவு செய்திருந்தும் உலகம் கவனிக்கவில்லை. குளத்தில் அது இருந்ததற்குக் காரணம் நோயாளியின் துணியைத் துவைத்த நீர் என்றே அக்காலத்தில் எண்ணினார்கள். அது பாதி உண்மையே. ஆற்று முகத்துவாரங்களிலும் கழிகளிலும் உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் இடங்களே அக்கிருமியின் சொந்த ஊர் என்பது பின்னரே தெரியவந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீரில் துள்ளித் திரியும் கோப்பிபோடு என்ற நுண்ணிய ஓட்டுயிரின் மேல் ஒட்டிக்கொண்டு, அதன் ஓட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளைக் கரைத்து உண்டு, கடலுக்கும் கழிக்கும் உபகாரமான ஜீவனாகவே அது வாழ்கிறது. இறால் ஓடும் நண்டு ஓடும் இந்தக் கைட்டினால் ஆனவையே. இவற்றைச் செரித்துத் திரும்ப நீருக்கு அளிக்கும் நுண்ணுயிர்கள் இல்லையேல் கடலடி முழுதும் ஓட்டுக் குவியலாய் மேடிட்டிருக்கும். அப்படி நீரில் வாழும் காலராக் கிருமிகளுள் மிகப் பெரும்பாலானவற்றிடம் விஷமே கிடையாது. அவற்றை விழுங்கினாலும் நமக்குக் காலரா வருவதில்லை.

அப்படியானால் விஷம் யாருடையது? அதற்கு முன், விஷம் என்று ஒன்று உண்டு என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது; அதை நிரூபித்த பெருமை கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே என்ற வைத்திய விஞ்ஞானிக்கு உரியது. வசதி குறைந்த ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டு, முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனைகளிலும் நூலால் கட்டி, அந்தக் கண்ணிக்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, குடல் நீரால் நிரம்பி ஊதிக் கிடக்கக் கண்டார். பிறகு, கிருமிகள் வளர்ந்த திரவத்தை ஒரு கிருமிகூட எஞ்சாதபடி வடிகட்டி, அந்தத் தெளிந்த நீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் அவ்வாறே ஊதிற்று. கிருமி இல்லாமலே நோயின் காரியம் நடக்கிறதென்றால், கிருமி வெளியே விட்ட ஏதோ ஒரு விஷமே அதைச் செய்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1959-இல் நேச்சர் பத்திரிகையில் வெளியான இந்தச் சிறு கட்டுரை, எழுபத்தைந்து ஆண்டுகளாக நிலவிய குழப்பத்தைத் தீர்த்தது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவருக்கு அப்பரிசு கிடைக்க வேண்டுமென்று முன்மொழிந்தார், பரிசு கிடைக்கவில்லை. பாடப்புத்தகங்களில் காக்கின் பெயருக்கு அடுத்த வரியில் வரவேண்டிய அவர் பெயரை நம் நாட்டு மாணவர்களே அறியாதிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

அந்த விஷத்தின் வேலை நுட்பமானது. அதன் ஐந்து உறுப்புகள் குடற்சுவரின் உயிரணுவைப் பற்றிக்கொள்ள, ஆறாவது உறுப்பு உள்ளே நுழைந்து, நீரையும் உப்பையும் எப்போது வெளிவிடுவது, எப்போது நிறுத்துவது என்று கட்டுப்படுத்தும் திருகை ஒரே நிலையில் இறுக்கிவிடுகிறது. திறந்த குழாய் மூடுவதில்லை. கடுமையாகத் தாக்குண்டவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீரை இழக்கலாம். காலையில் நடமாடியவர் மாலையில் கிடையாகிவிடுவது அதனாலேதான். ஆயினும் குளுக்கோசும் சோடியமும் கைகோத்து உட்செல்லும் இன்னொரு வாயிலை அது தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் அளவாகக் கரைத்த நீர் உயிர் காப்பது அந்த வாயில் வழியாகத்தான். 1971-இல் வங்கதேசத்து அகதிகள் லட்சக்கணக்கில் தஞ்சம் புகுந்திருந்த பன்காவ் முகாமில், ஊசிமூலம் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலனபிஸ் என்ற டாக்டர் இந்த நீரைப் பீப்பாய்களில் கலந்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்து, நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணத்தை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார்.

விஷத்தின் உடைமையாளன் யார் என்ற கேள்விக்கு விடை 1996-இல் பாஸ்டன் நகரில் கிடைத்தது. மாத்யூ வால்டர், ஜான் மெக்கலானஸ் என்ற இருவரும், கிருமியிலிருந்து விஷத்துக்குரிய மரபணுவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கானமைசின் என்ற மருந்தை எதிர்க்கும் மரபணுவை ஓர் அடையாளமாக வைத்தார்கள். பிறகு அக்கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை மருந்துக்குப் பணியும் வேறு காலராக் கிருமிகளோடு கலந்தார்கள். அவற்றுள் சில மருந்துக்கு அஞ்சாதவையாக மாறிவிட்டன. வடிகட்டிக்குள் அகப்படாத ஏதோ ஒன்று அடையாளத்தைச் சுமந்து சென்றிருக்கிறது என்பது இதனால் வெளிப்பட்டது. அது ஒரு வைரஸ். பாக்டீரியாவுக்குள் புகுந்து வாழ்வதால் பேஜ் என்று பெயர் பெற்ற வைரஸ் இனத்தில், நூலிழை போன்ற மெல்லிய உருவுடையது. காலரா விஷத்துக்குரிய மரபணு அந்த வைரஸின் சொத்தே அன்றிக் கிருமியின் சொத்து அன்று. எலியின் குடலுக்குள் இந்தக் கைமாற்றம் சோதனைக் குழாயில் நடப்பதைவிட மிகத் தாராளமாக நடக்கிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள்.

அளவைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் காலராக் கிருமியின் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தபோது, அதில் ஏறத்தாழ 40 லட்சம் எழுத்துகள் இருந்தன. வைரஸ் கொண்டுவந்து செருகியது சுமார் 7,000 எழுத்துகள். ஐந்நூறு பக்கப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட ஆகாது. அந்த ஒற்றைத் தாள்தான் கழியில் ஓட்டைத் தின்றுகொண்டு கிடந்த ஜீவனை, நகரங்களைக் காலிசெய்யும் கொள்ளைநோய்க்குக் காரணமாக்கியது.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. எந்த வைரஸும் தான் நுழையும் உயிரணுவில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். காலரா வைரஸ் பிடிப்பது, கிருமியின் மேனியிலிருந்து நீளும் ஒருவகை இழைகளை. கிருமி குடலில் தங்கிப் பெருகுவதற்கும் அதே இழைகள் இன்றியமையாதவை. அந்த இழைகளுக்குரிய மரபணுக்களோ, கிருமியின் சொந்த எழுத்துகளின் நடுவே தனித் தீவு போலத் தெரியும் 40,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியில் இருக்கின்றன. அத்தீவும் வெளியிலிருந்து வந்ததே என்பதை அதன் எழுத்து நடையே காட்டிக்கொடுக்கிறது. ஆகவே முதலில் வந்த விருந்தாளி வாசலைக் கட்டிவைத்தது; இரண்டாவது விருந்தாளி அந்த வாசல் வழியே விஷத்தோடு வந்தது. அந்தப் பழைய விருந்தாளி வைத்திருக்கும் ஒரு சாவியே, புதிதாக வந்த விஷத்தை எப்போது சுரக்க வேண்டுமென்பதையும் முடிவு செய்கிறது. முன்பின் அறியாத இரண்டு வழிப்போக்கர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒருவர் காரியத்தை மற்றவர் நடத்திவைக்கும் இந்த ஒற்றுமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

வைரஸுக்கு இதில் லாபம் என்ன என்று கேட்கலாம். கங்கை நீரும் யமுனை நீரும் காலராக் கிருமியை அழிக்கின்றன என்றும், நீரைக் கொதிக்கவைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் 1896-இலேயே ஆக்ராவில் பணியாற்றிய ஹாங்கின் எழுதியிருந்தார். அது கிருமியை வெடிக்கச் செய்து வெளியேறும் வேறு பேஜ்களின் வேலை என்று இப்போது கருதுகிறார்கள். விஷத்தைச் சுமக்கும் வைரஸ் அவ்வாறு செய்வதில்லை. தங்கிய வீட்டை இடிக்காமல், கிருமியின் டி.என்.ஏ.வோடு தன் டி.என்.ஏ.வையும் கோத்துக்கொண்டு, கிருமி இரண்டாகப் பிரியும்போதெல்லாம் தானும் இரண்டாகிறது. கிருமி செழித்தால் அது செழிக்கும். பேதியோ, ஒரு மனிதக் குடலில் பெருகிய கோடானுகோடிக் கிருமிகளை ஒரே நாளில் ஊர் நீரில் கொண்டு சேர்க்கும் பிரவாகம். மனிதனின் மரணம் இந்த ஏற்பாட்டின் நோக்கமன்று; போகும் வழியில் நேரும் சேதம்.

காலராவை மட்டும் இவ்விதம் பார்ப்பது போதாது. தொண்டை அடைப்பான் என்று தாய்மார் நடுங்கிய டிப்தீரியா நோயிலும் கதை இதுவே. 1951-இல் அமெரிக்காவில் ஸீயாட்டில் நகரத்து ஃப்ரீமன், தீங்கற்ற டிப்தீரியாக் கிருமிகளின் மேல் ஒரு பேஜை விட்டு, அதற்குத் தப்பிப் பிழைத்தவை விஷம் சுரப்பவையாக மாறியிருக்கக் கண்டார். குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பூசியில் இந்நோய்க்குரிய பாகம், கிருமியை அடையாளம் காட்டுவதில்லை. அந்த இரவல் விஷத்தை அடையாளம் காட்டுகிறது. விஷத்தை முறித்தால் கிருமி வெறும் கிருமிதான்.

2011-இல் ஜெர்மனியின் வடபகுதியில் நிகழ்ந்தது இன்னும் அண்மைக் காலத்துச் சோகம். முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாக உண்டவர்கள் ரத்தபேதியாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் அவதியுற்றார்கள். முதலில் வெள்ளரிக்காயின் மேல் பழி விழுந்து, விவசாயிகள் விளைச்சலைக் கொட்டி அழித்தார்கள்; பிறகே முளைப்பயிர் அகப்பட்டது. ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்று, 50-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். குடற்சுவரில் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை ஈ. கோலை, ஷிகா விஷத்தைச் சுமந்த ஒரு பேஜை வழியில் எங்கோ ஏற்றுக்கொண்டதே காரணம். ஒட்டும் திறமை ஒரு பரம்பரையில், விஷம் வேறொரு பரம்பரையில். இரண்டும் ஓர் உடலில் கூடின. இத்தகைய நோயில் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளைக் கொடுக்க வைத்தியர்கள் தயங்குகிறார்கள். மருந்து கிருமியை வருத்தும்போது உள்ளே உறங்கும் பேஜ் விழித்துப் பெருகி, விஷம் இன்னும் அதிகமாக வெளிப்படக்கூடும் என்பதே அத்தயக்கத்தின் காரணம்.

வைரஸ் மூலம் வருவது ஒரு வழி. இரண்டு பாக்டீரியாக்கள் குழல் போன்ற பாலத்தால் இணைந்து நேரே கொடுத்து வாங்குவது இன்னொன்று. செத்த கிருமி விட்டுப்போன டி.என்.ஏ.வை உயிருள்ள கிருமி அப்படியே உறிஞ்சிக்கொள்வது மூன்றாவது. 1928-இல் லண்டனில் கிரிஃபித், உயிருள்ள சாதுவான நிமோனியாக் கிருமியையும் கொன்று வைத்த கொடிய கிருமியையும் சேர்த்து எலிக்குள் செலுத்தியபோது, இரண்டும் தனித்தனியே கொல்லாத எலி மாண்டது இந்த வழியால்தான்.

சென்னைக்குத் திரும்பலாம். 139-ஆம் எண் கிருமியிடம் அங்கியைத் தவிர வேறொரு மூட்டையும் இருந்தது. சென்னையில் கிடைத்த அக்கிருமியை ஆராய்ந்தபோது, சல்ஃபாமெதாக்ஸசோல், டிரைமெதோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய மருந்துகளை ஒருங்கே முறியடிக்கும் மரபணுக்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்துகள் நீண்ட ஒரே நடமாடும் துண்டில் கோத்திருக்கக் கண்டார்கள். அதற்கு எஸ்.எக்ஸ்.டி. என்று பெயரிட்டார்கள். அது கிருமியின் டி.என்.ஏ.வில் குறித்த ஓர் இடத்தில் அமர்ந்திருக்கும். வேளை வரும்போது தன்னை அவிழ்த்து வளையமாகி, பாலத்தைத் தானே கட்டி, பக்கத்துக் கிருமிக்குள் இறங்கி, அங்கேயும் அதே இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

அந்த வேளை எது என்பதுதான் கவலை தரும் செய்தி. சாதாரண காலத்தில் எஸ்.எக்ஸ்.டி.யின் நடமாட்டத்தை ஒரு காவல் புரதம் தடுத்து வைத்திருக்கிறது. சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற மருந்து கிருமியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது, கிருமி எழுப்பும் அபாயக் குரலில் அந்தக் காவல் உடைகிறது. துண்டு அவிழ்ந்து அடுத்த கிருமிக்குத் தாவுகிறது. 2004-இல் வால்டரின் குழுவினர் இதை வெளியிட்டார்கள். ஆகவே நாம் விழுங்கும் மருந்து, எதிர்ப்பு உள்ளவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது மட்டுமன்றி, எதிர்ப்பு பரவும் கதவையும் தானே திறந்துவிடுகிறது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் சீட்டின்றி நான்கு மாத்திரை வாங்கி, இரண்டில் குணம் கண்டதும் மீதியைப் பரணில் எறிந்துவிடும் வழக்கம் நம் தெருக்களில் எவ்வளவு சகஜம்! அந்த நான்கு மாத்திரை நம் ஒருவரோடு முடிந்துவிடும் விஷயம் என்று நினைப்பது பெரும் பிழை. நம் குடலிலும் சாக்கடையிலும் எத்தனையோ இனக் கிருமிகள் அண்டை வீட்டாராக வாழ்கின்றன. 139-ஆம் எண் கிருமி சில ஆண்டுகளில் ஒடுங்கிப்போயிற்று. அதன் மூட்டை ஒடுங்கவில்லை. பிற்காலத்து எல் டோர் கிருமிகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் எஸ்.எக்ஸ்.டி.யோ அதன் நெருங்கிய உறவோ குடியிருக்கிறது. 2010-இல் ஹெய்ட்டி நாட்டைச் சூறையாடிய கிருமியிலும் அது இருந்தது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகத் தாராளமாக நடக்கும் ஓர் இடம், கிருமியின் சொந்த ஊரான நீரே. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், காலராக் கிருமியை நண்டு ஓட்டின் மேல் வளர்த்தபோது, கைட்டினின் ஸ்பரிசத்தாலேயே அது வெளியில் கிடக்கும் டி.என்.ஏ.வை உறிஞ்சும் நிலைக்கு வந்துவிடுவதைக் கண்டார்கள். பத்தாண்டு கழித்து, 2015-இல், ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இன்னும் திகைப்பான ஒன்றைக் காட்டினார்கள். ஓட்டின் மேல் வாழும் கிருமி, ஈட்டி போன்ற நுண்கருவியால் பக்கத்துக் கிருமியைக் குத்திக் கொன்று, சிதறும் டி.என்.ஏ.வை அங்கேயே இழுத்துக்கொள்கிறது. ஒரு கோப்பிபோடின் முதுகில், கண்ணுக்கெட்டாத அந்தச் சிறு மேடையில், நாளை எந்த ஊரின் நோயாகுமோ அந்த எழுத்துகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

கிருமி மிகச் சிறிது. எந்தத் துணியும் அதைத் தடுக்காது. ஆனால் கோப்பிபோடு அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துக்கொண்டு, ரீடா கால்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய வங்கதேசத் துணைவர்களும் மத்லாப் பகுதியின் கிராமங்களில் ஒரு முறையைச் சோதித்தார்கள். புதுத் துணியைவிட, பலமுறை துவைத்து நூல் தளர்ந்து பொசுபொசுத்துப்போன பழம் சேலையே வடிப்பதற்கு நல்லது என்று கண்டு, அதை நான்கு மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீர் மொள்ளும்படி பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவ்வாறு செய்த கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2003-இல் வெளியான கணக்கு 48 விழுக்காடு என்கிறது. குடம் நிரம்பியதும் அந்தப் பெண் துணியை அவிழ்த்து, அதன் மேல் படிந்த பசுமை கலந்த வண்டலைக் குளத்து நீரிலேயே அலசிவிட்டு, நன்றாகப் பிழிந்து, சுள்ளென்ற வெயிலில் கொடியில் விரித்துக் காயப்போடுகிறாள். மறுநாள் காலையில் அதே துணி மீண்டும் குடத்தின் வாய்க்கு வருகிறது.